பத்தொன்பது பேர்

1981-ஆம் ஆண்டு ஏப்ரல் 18, பெரிய சனிக்கிழமை. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், கத்தோலிக்கர் பெருந்தொகையாய் வாழும் அப்பகுதியில், பாட்டக்கெட் என்றொரு நகர் உண்டு. கோவில்களிலே பாஸ்கா மெழுகுதிரி ஏற்றப்படும் அந்த இரவில், அந்நகரின் மெக்காய் விளையாட்டரங்கில் விளக்குகள் பழுதாகி, பேஸ்பால் ஆட்டம் ஏறத்தாழ அரைமணி நேரம் தாமதமாய்த் தொடங்கிற்று. உள்ளூர் அணி பாட்டக்கெட் ரெட் சாக்ஸ். எதிரணி ராச்செஸ்டர் நகரத்தார்.

பேஸ்பாலில் ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் சமநிலை என்றால், ஒருவர் முந்தும்வரை ஆட்டம் நீளும். அன்று ஒன்பதாவதில் 1-1. இருபத்தோராவதில் ராச்செஸ்டர் ஒரு ஓட்டம் எடுக்க, பாட்டக்கெட்டின் வேட் பாக்ஸ் அதையும் ஈடுசெய்துவிட்டார். குளிரில் விறைத்திருந்த சகாக்கள் அவரைத் தழுவினார்களோ, மனத்துள் வைதார்களோ! உடைந்த மட்டைகளைக் கொளுத்திக் குளிர்காய்ந்தார்கள். நள்ளிரவு தாண்டிப் புதிய இன்னிங்ஸ் தொடங்கலாகாது என்ற விதி, நடுவர்களிடமிருந்த அவ்வாண்டுக் கையேட்டில் விடுபட்டிருந்ததாம். உயிர்ப்பு ஞாயிறு அதிகாலை 4.07-க்கு, 32 இன்னிங்ஸுக்குப் பின், லீக் தலைவரின் சொற்படி ஆட்டம் நிறுத்தப்பட்டது. அப்போதும் 2-2. சீட்டு வாங்கியவர் 1,740 பேர். எஞ்சியிருந்தவர் பத்தொன்பது பேர்.

ஜூன் 23-இல் ஆட்டம் தொடர்ந்தது. 5,746 பேர் வந்து நிறைந்தனர். பதினெட்டே நிமிடம்! டேவ் கோசா அடித்த அடியில் பாட்டக்கெட் 3-2 என வென்றது.

வெற்றியைக் கண்டவர்களை விட, காணாமலே வீடு திரும்பிய அந்தப் பத்தொன்பது பேரையே என் மனம் சுற்றி வருகிறது. நம் நவநாள்களில் சாட்சி சொல்ல மேடையேறுவோர் யார்? மன்றாட்டுக் கேட்கப்பட்டவர்கள். ஆண்டுக்கணக்கில் ஒன்றும் கிட்டாமல், ஆயினும் செவ்வாய் தவறாமல் வந்து கடைசி இருக்கையில் முழந்தாளிடும் பெண்ணை எவரும் அழைப்பதில்லை. அவளிடம் சொல்வதற்குக் கதை இல்லை என்று எண்ணுகிறோம். பெரிய சனிக்கிழமையும் அத்தகைய நாள்தான். கல்லறை மூடிக் கிடக்கிறது. நறுமணப் பொருள்களை ஆயத்தம் செய்த பெண்களோ கட்டளைப்படி ஓய்ந்திருக்கிறார்கள். அவ்வளவே.

மைனர் லீக் அணிகள் பெரிய அணிகளுக்கு ஆளனுப்பும் நாற்றங்கால். (செமினரி என்ற சொல்லின் வேரிலும் நாற்றங்கால் என்ற பொருளே உண்டு.) அன்று ஆடிய வேட் பாக்ஸும், எதிரணியின் கால் ரிப்கனும் பின்னாளில் பேஸ்பாலின் புகழ்மன்றத்தில் இடம்பெற்றனர். வெற்றியடியை அடித்த கோசாவுக்கு மட்டும் மேஜர் லீக்கில் ஒரு நாளேனும் ஆட அழைப்பு வரவில்லை.

1942-இல் திறக்கப்பட்ட அவ்வரங்கில், 2020-இல் கொள்ளைநோயால் ஆட்டமே நடைபெறவில்லை. மறு ஆண்டு அணி மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டருக்குப் பெயர்ந்துவிட்டது. 2025-இல், பள்ளிக்கூடம் ஒன்று எழுப்புவதற்காக அரங்கை இடிக்கத் தொடங்கினார்கள்.