வேரின் வளைவு

நெல் நாற்றைப் பறித்து நடும் உழவர், அதன் வேர் சிறிது அறுபட்டாலும் கவலைகொள்வதில்லை. தண்டின் அடிக்கணுக்களிலிருந்து சில நாள்களில் புதுவேர்கள் கிளைக்கப் பயிர் நிமிர்ந்துவிடும். மரக்கன்றின் இயல்போ வேறு. இளமையில் வளைந்த அதன் வேர், முற்றிப் பருத்தபின் அவ்வளைவை மாற்றிக்கொள்வதில்லை. நாற்றங்கால் என்னும் சொல் இரண்டிற்கும் பொதுவாயினும், அங்கு நேரும் பிழையின் விளைவு பொதுவன்று.

மரக்கன்றுகள் பெரும்பாலும் நெகிழிப் பைகளில் வளர்க்கப்படுகின்றன. மண்ணுள் நீளும் வேர்நுனி, பையின் சுவரை முட்டியதும் அதனை ஒட்டியே சுற்றி வளர்கிறது. கன்று பையில் தங்கும் காலம் நீள நீளச் சுற்றுகளும் பெருகுகின்றன. வாங்குவோர் உயரத்தையும் தழைத்த இலைகளையும் கண்டு மகிழ்வர். அவ்வுயரத்திற்கு நீரூட்ட வேண்டிய வேர்த்திரள், பைக்குள் நெருக்குண்டு கிடப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை.

நட்டபின் வரும் முதற்கோடையிலேயே இக்குறை வெளிப்படலாம். வேர்கள் வெளிமண்ணில் பரவும்வரை, கன்று தன்னுடன் வந்த பைமண்ணின் ஈரத்தையே நம்பியிருக்கிறது. சுற்றியுள்ள நிலம் ஈரமாயிருந்தும் அது வாடக்கூடும். அக்கோடையைக் கடந்தாலும் இடர் நீங்கிவிடுவதில்லை. தண்டும் சுருண்ட வேரும் ஒருசேரப் பருக்கும்போது, வேர் தண்டின் அடியை நெரித்து நீரோட்டத்தையும் உணவோட்டத்தையும் தடுக்கிறது. நாற்புறமும் வேரோடி மண்ணைப் பற்றாத மரம் பெருங்காற்றில் எளிதில் சாய்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. மரவகை, குறுகிய குழி, வெட்டுண்ட வேர் எனக் காரணங்கள் பல இருக்கலாம். எனினும் மரம் நிற்பது வேரின் பிடிப்பால் என்பதை அந்நாள் நகரத்தாருக்கு உணர்த்தியது.

இக்குறையை நாற்றங்காலிலேயே தடுக்கலாம். உட்சுவரில் மேலிருந்து கீழாக வரம்புகளும், அடியில் திறப்பும் உடைய குழல்களில் கன்று வளர்ப்பது ஒரு வழி. வரம்புகள் வேரைச் சுற்றவிடாமல் கீழ்நோக்கிச் செலுத்துகின்றன. திறப்பை அடைந்த நுனி காற்றுப்பட்டுக் காய, மேற்பகுதியில் கிளைவேர்கள் பல தோன்றுகின்றன. பைகளில் வளர்ப்போர், வேர் சுருளத் தொடங்குமுன் கன்றைப் பெரிய பைக்கு மாற்றலாம். அல்லது நிலத்தில் நட்டுவிடலாம். முளைத்தவுடன் மண்ணில் ஆழ இறங்கும் பனையை, விதையாகவே உரிய இடத்தில் ஊன்றுவது தொன்றுதொட்ட வழக்கம்.

நடுவோர்க்கும் கடமை உண்டு. பையை முழுமையாக நீக்கி, வேர்த்திரளின் வெளிப்புறத்தில் சுற்றிக் கிடக்கும் வேர்களைக் கூரிய கத்தியால் வெட்டிவிட வேண்டும். தண்டும் வேரும் சேருமிடம் நிலமட்டத்திற்குக் கீழே புதைந்துவிடலாகாது. தொடக்கத்தில் நீரைத் தண்டின் அருகிலும், வேர் பரவப் பரவச் சற்று விலக்கியும் ஊற்ற வேண்டும்.

மரம் நடும் விழாக்களில் நடப்பட்ட கன்றுகளின் எண்ணிக்கையே பேசப்படுகிறது. ஐந்தாண்டு கழித்து அவற்றுள் எத்தனை நிழல் தருகின்றன என எண்ணுவோர் சிலரே. பள்ளி வளாகத்தில் கன்று நடும் மாணவர், குழியில் இறக்குமுன் ஒருமுறை அதன் வேரைப் பார்த்துக்கொள்ளட்டும்.