பந்தும் பாத வைத்தியமும்

பந்தே கதியெனத் திரியும் மகன் ஒருவன் எம் இல்லத்திலும் உண்டு. அவனை அதட்ட வாயெடுக்கும்போதெல்லாம் இங்கிலாந்தின் நீல் வார்னாக் நினைவில் வந்து தடுக்கிறார்.

1967 முதல் 12 பருவங்கள், எட்டுக் கழகங்கள். யாவும் மூன்றாம், நான்காம் பிரிவுகளே. கால்கள் ஒருநாள் ஓயுமென அறிந்தவர் போலும், பாத நோய்ச் சிகிச்சை கற்றுத் தேர்ந்தார். பிறர் பாதம் தொட்டுப் பிழைக்கும் தொழிலுக்கு நம்மில் எத்தனை பேர் மகனை அனுப்புவோம், சொல்லுங்கள்!

பின்னர்ச் சிற்றணிகளின் மேலாளரானார். 1987-இல் ஸ்கார்பரோ அணியைக் கால்பந்து லீக்கினுள் ஏற்றினார். 2018-இல் கார்டிஃப் அணி முதற்பிரிவு ஏறியபோது, அவர் ஈட்டித் தந்த ஏற்றங்கள் எட்டு. அந்நாட்டில் அதற்குமுன் எவரும் எட்டாத கணக்கு.

மகனிடம் இதை உரைத்தேன். "அப்படியானால் நானும் ஒரு தொழில் கற்கிறேன், வாப்பா" என்றான். பந்தை மட்டும் கீழே வைக்கவில்லை.