அன்னம் பறந்து சென்ற மலை

ஜப்பான் தேசத்தின் பழைய தலைநகரமான கியோட்டோவின் தென்பகுதியில், இனாரி மலையடிவாரத்தில் எழுந்து நிற்கிறது ஃபுஷிமி இனாரி ஆலயம். நெல்லுக்கும் செழிப்புக்கும் அதிபதியான இனாரி தெய்வத்துக்கு அந்நாடெங்கும் அமைந்த சுமார் 30,000 ஷின்டோ ஆலயங்களுக்கு இதுவே தலைமைத் தலம். கி.பி. 711-இல் தோன்றியது என்பது ஐதீகம்.

ஹதா குலத்தைச் சேர்ந்த இரோகு என்பவர் நெல்வளத்தால் பெருஞ்செல்வர் ஆனார். செல்வச் செருக்கினால், அரிசியை இடித்துச் செய்த பண்டத்தையே இலக்காக வைத்து அம்பெய்தார். அக்கணமே அது வெண்பறவையாக மாறி மலையுச்சிக்குப் பறந்தது. அங்கே நெல் விளைந்தது, ஆலயமும் எழுந்தது. 'நெல் விளைதல்' என்னும் பொருளிலிருந்தே இனாரி என்ற பெயர் பிறந்தது என்பர். அப்பறவையை அன்னம் என்றே பலரும் கூறுவர். சோற்றையும் அன்னம் என்றழைக்கும் தமிழருக்கு இக்கதையின் உட்பொருள் எளிதில் விளங்கும்.

இரோகுவின் சந்ததியினர் முன்னோரின் பிழைக்கு வருந்தி, ஆலயத்து மரத்தைப் பெயர்த்துத் தம் இல்லத்தில் நட்டு வழிபட்டனர். மரம் தழைத்தால் அருள் கிட்டும் என்பது அவர்தம் நம்பிக்கை.

தாயின் பிணி தீர வேண்டி டொயோட்டோமி ஹிதேயோஷி 1589-இல் எழுப்பியதாகக் கூறப்படும் வாயில் பக்தர்களை வரவேற்கிறது. இருபுறமும் காணப்படும் நரிகள் தெய்வமல்ல, தெய்வத்தின் தூதர்கள். வாயில் நெற்கதிரையோ களஞ்சியச் சாவியையோ கவ்வியிருக்கும். பக்தர்கள் கையும் வாயும் தூய்மை செய்து, இருமுறை வணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்குகின்றனர்.

பின்புறம், 233 மீட்டர் உயர மலைமீது, பக்தர்கள் காணிக்கையாக நிறுத்திய ஆயிரக்கணக்கான செந்நிறத் தோரண வாயில்களினூடே பாதை செல்கிறது. ஏற இயலாத முதியோர் கவலைப்பட வேண்டியதில்லை. பிரதான சன்னிதி அடிவாரத்திலேயே, ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ளது.

ஆலயத்துக்கென்றே ஒரு வயல் உண்டு. ஜூன் 10 அன்று நாற்று நடப்பெறுகிறது. அக்டோபர் 25-இல் கதிர் அறுக்கப்பெறுகிறது. நவம்பர் 8-இல் அவ்வைக்கோலை அக்கினிக்கு அளித்து நன்றி செலுத்துகின்றனர். நவம்பர் 23-இல் புது அரிசி நிவேதனமாகிறது.

அன்று அம்புக்கு இலக்கான அரிசி இன்று மணி மணியாகப் போற்றப்படுகிறது, வைக்கோலும் வீணாவதில்லை. உண்ணும் உணவை மதிக்கும் இல்லத்தில்தான் திருமகள் தங்குவாள் என்று நம் பெரியோர் கூறுவதும் இதுவே அன்றோ!