மேல போனா கோபுரம் தெரியாது

ஈபிள் கோபுரத்துக்கு எதிரே, ட்ரொக்கடெரோ படிக்கட்டில் இருந்து இடியப்பப் பெட்டியைத் திறந்தேன். மகள் என் கையைப் பிடித்தாள். "அம்மா, ப்ளீஸ், மூடுங்கோ. எல்லாரும் பாக்கினம்."

ஒருத்தரும் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒரு குடும்பம் நீட்டுப் பாணைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. ஆனாலும் அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். 1993இல் அதே படியில், அதே 12 வயசில், நான் அப்பாவிடம் காட்டிய குரல்.

அப்பா அப்போது லண்டனில் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை. கோச்சிலும் கப்பலிலுமாக பாரிஸ் வந்து, லாச்சப்பலில் சித்தப்பாவின் ஒற்றை அறையில் ஆறு பேர் படுத்தோம். கோபுரத்தைக் கீழே நின்றுதான் பார்த்தோம். "மேல போனா கோபுரம் தெரியாது பிள்ளை, இங்க நிண்டாத்தான் தெரியும்" என்றார் அப்பா. சித்தப்பா சிரித்தார், எனக்கு அழுகை வந்தது. பள்ளிக்கூடத்தில் உச்சி வரை போனதாகப் பொய் சொன்னேன்.

போன வருஷம், 2025 வசந்தத்தில், இவருக்கு வேலை போனது. ஸ்பெயின் பயணத்தை ரத்துச் செய்துவிட்டு, இரவுக் கோச்சில் பாரிஸ் என்று முடிவெடுத்தோம். காரணத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

தங்கியது லா கூர்னேவில், சித்தப்பா வீட்டில். சொந்தக்காரர் வீடு சும்மா கிடைக்கிறது என்று நினைக்காதீர்கள். ஒரு பின்னேரம் முழுக்க இருந்து, மூன்றாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டு, யாருக்கு எப்போ கலியாணம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதுதான் வாடகை. இடியப்பமும் சம்பலும் சித்தி கட்டித் தந்தவை.

மற்றபடி பாரிஸ் காசில்லாதவர்களை நல்லாகவே பார்த்துக்கொள்ளும் ஊர். மாரேயில் இருக்கும் கார்னவலே அருங்காட்சியகத்தின் நிரந்தரக் கூடங்களுக்கு டிக்கெட்டே இல்லை. பழைய கடைகளின் பெயர்ப்பலகைகள் ஒரு கூடம் முழுக்கத் தொங்குகின்றன, மகன் அங்கிருந்து வர மறுத்தான். 69ஆம் இலக்க பஸ் கம்பெத்தாவில் தொடங்கி பஸ்தீல், லூவர் எல்லாம் கடந்து ஈபிள் பக்கம் போகும். போன வருஷம் ஒரு டிக்கெட் 2 யூரோ. சுற்றுலா பஸ்ஸை மறந்துவிடுங்கள். தண்ணீர் வாங்கவும் வேண்டாம். தெருவோரம் பச்சை இரும்பில் நாலு பெண் சிலைகளோடு நிற்கும் வாலஸ் குழாய்களில் போத்தலை நிரப்பலாம்.

லூவரில் 18 வயசுக்குக் கீழே இலவசம், பெரியவர்களுக்குத்தான் செலவு. அதனால் பிள்ளைகளோடு நான் மட்டும் உள்ளே போனேன். இவர் வெளியே துய்லெரி தோட்டத்தில் குளத்தோரப் பச்சை நாற்காலியில் இருந்தார். திரும்பி வந்தபோது குனிந்து போனில் வேலை விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் பஸ்தீல் பக்கத்தில், பழைய ரயில் பாலத்துக்கு மேலே போட்ட நீளப் பூங்காவில் நடந்தோம். மகன் கேட்டான்: "அம்மா, நாங்க இப்ப காசில்லாத ஆக்களா?"

அவனுக்கு 8 வயசு. மழுப்பப் பார்த்தேன். மகள் திரும்பி, "அப்பாக்கு வேலை இல்லையெண்டு எங்களுக்குத் தெரியும்" என்றாள். இவர்தான் வாங்கில் இருந்து எல்லாம் சொன்னார்: எப்போ போனது, வீட்டில் எவ்வளவு இருக்கிறது, எது குறையும், எது குறையாது. பிறகு மிச்சப் பயணக் காசு இருந்த பர்ஸை மகனிடம் கொடுத்து, "நீர்தான் இனிக் கணக்குப்பிள்ளை" என்றார். அதற்குப் பிறகு ஒரு ஐஸ்கிரீம் வாங்க நாங்கள் பட்ட பாடு!

கடைசி இரவு மறுபடி ட்ரொக்கடெரோ. இருட்டினால் ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிஷம் கோபுரம் மினுங்கும். பெட்டியில் மிஞ்சிய ரோல்ஸை மகள் ஒன்றும் சொல்லாமல் எடுத்துச் சாப்பிட்டாள். அப்பாவுக்கு வீடியோ கோல் எடுத்துக் காட்டினேன்.

"மேல ஏறினீங்களோ?" என்றார்.

"இல்லையப்பா. இங்க நிண்டாத்தானே தெரியும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏறுங்கோ பிள்ளை. டிக்கெட் காசை நான் போட்டு விடுறன்" என்றார்.

மகன் போனைப் பறித்தான். "வேண்டாம் தாத்தா. லிஃப்டில இல்லாமப் படியால போனா எங்கட காசு காணும். நான் பாத்திட்டன்."

இரண்டாம் தட்டு வரை 674 படி. அடுத்த நாள் காலையில் ஏறினோம். நானூறாவது படியில் நான் இருந்துவிட்டேன், மகள் வந்து தூக்கிவிட்டாள்.