குதிரைக் காலண்டர்

எங்கள் தோட்டத்து வீட்டுக்குப் பலகைச் சுவர். கல்லால் நாலு தட்டு தட்டினால் ஆணி இறங்கிவிடும். வருடம் முழுக்க அந்த ஆணியில் தொங்கியது, கடைத் தவுக்கே கொடுக்கும் குதிரைக் காலண்டர். மாதத்துக்கு ஒரு தாள். பெரிய பெரிய எண்கள், கீழே பொடியாகச் சீன எழுத்து, பந்தயம் நடக்கும் நாள்களில் சின்னதாக ஒரு குதிரை. எங்கள் வீட்டில் யாரும் பந்தயம் பார்த்ததில்லை. காலண்டருக்குப் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கிய பென்சில் அம்மாவுடையது.

ஜொகூரில் ரெங்கம் பக்கத்துத் தோட்டம் அது. அம்மா பால்மரம் வெட்டினார். விடியுமுன், ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய்விடுவார். வெயில் ஏறினால் மரம் பாலை அடக்கிக்கொள்ளும். மழை பெய்தாலோ வேலையே இல்லை. பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்டிய கோட்டில் இறங்காமல் மரமெங்கும் வழிந்தோடும், மங்கில் மழைத்தண்ணீர்தான் நிற்கும். வேலைக்குப் போன நாளுக்குத்தான் காசு. குறைந்தபட்சச் சம்பளச் சட்டமெல்லாம் 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் சாயங்காலம் விளக்கேற்றியதும் அம்மா காலண்டர் முன்னால் போய் நிற்பார். முழு வேலை என்றால் ஒரு கோடு. பாதியில் மழை பிடித்துக்கொண்டால் அரைக் கோடு. வெட்டே இல்லை என்றால் ‘ம’. உடம்புக்கு முடியாத நாளுக்கு ஒரு வட்டம். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், ஒரு வருடத்தையே இந்த நான்கு குறிகளில் எழுதி வைத்தார்.

டிசம்பர் 31ஆம் தேதி இரவு கணக்கு பார்ப்போம். அப்பா சுவரில் சாய்ந்திருப்பார். அம்மா காலண்டரைக் கழற்றித் தரையில் விரித்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டிக் கோடுகளை வாய்விட்டு எண்ணுவார். அப்புறம் கடைக் கடன் எழுதிய 555 புத்தகத்தைப் பிரித்து, வரவேண்டியதையும் தரவேண்டியதையும் சேர்த்துப் பார்ப்பார். கணக்கு பெரும்பாலும் உதைக்கும். ஆனால் “போன வருசம் நாம என்ன செஞ்சோம்?” என்று அன்றைக்கு எவர் கேட்டிருந்தாலும் எங்களிடம் பதில் இருந்தது.

2009இல் தோட்டத்தை விட்டு வந்தபோது பழைய காலண்டர்களை வாசலில் போட்டுக் கொளுத்தினோம். என் கையாலேயே போட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஒரே ஒரு தாள் தப்பியது, தகரப் பெட்டிக்குள் அடியில் விரித்திருந்ததால். 2006 டிசம்பர். ஜொகூர்க்காரர்களுக்கு அந்த மாதத்தைச் சொல்லத் தேவையில்லை. கோத்தா திங்கியும் சிகாமட்டும் தண்ணீருக்குள் போன மாதம். தாளின் மேல்பாதியில் கோடுகள். 18ஆம் தேதியிலிருந்து ம, ம, ம, ம. ஐந்தாவது ‘ம’வில் பென்சில் அழுந்தி, தாள் லேசாகக் கிழிந்திருக்கிறது.

தாளின் பின்பக்கத்தில் 2007க்கான மூன்று வரிகள். அடுப்படிக்குத் தகரம் மாற்ற வேண்டும். பாப்பாவுக்குப் படிவம் ஒன்று உடுப்பு, சப்பாத்து. பத்துமலை. கடைசியாக இருப்பது வெறும் ஒற்றைச் சொல். 2006 ஜனவரியில்தான் அங்கே 42.7 மீட்டர் முருகன் சிலையைத் திறந்திருந்தார்கள். பேப்பரில் வந்த படத்தை அம்மா வெட்டி வைத்திருந்தார். தகரமும் உடுப்பும் 2007இலேயே வந்துவிட்டன. பத்துமலைக்கு 2013இல்தான் போனோம். சிலையை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றார். “நம்ம கோயில்ல முகத்துக்கு நேரா நிக்கலாம்” என்றார். அப்போது எங்கள் தோட்டத்துக் கோயிலில் ஆள் குறைந்து, வெள்ளிக்கிழமை பூசை மட்டும்தான் நடந்துகொண்டிருந்தது.

அம்மா போய் நான்கு வருடமாகிறது. நான் இப்போது மாசாயில் இருக்கிறேன், வேலை சிங்கப்பூரில். காலை நாலரைக்கு எழுகிறேன், அம்மா பெரட்டுக்கு எழுந்த அதே நேரம். ஜொகூர் கடற்பாலம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான், 1924இல் திறந்தது. அதைக் கடக்கத்தான் என் வருடத்தில் பாதி போகிறது. சம்பளம் மாதம் தவறாமல் வங்கியில் விழுகிறது, மழை பெய்தாலும் விழுகிறது. அதற்கு நன்றியோடுதான் இருக்கிறேன். ஆனால் போன வருடம் என்ன செய்தாய் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று தெரியும். 2014 முதல் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி, சனி. எனக்கோ சனி, ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருப்பேன், மகன் பாலர் பள்ளிக்குப் போய்விடுவான். 2025 ஜனவரி 1இல் விடுமுறையை மறுபடி சனி, ஞாயிறு ஆக்கினார்கள். அவன் முதலாம் வகுப்பில் சேர்ந்ததும் அதே வருடம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனுக்கு நானே தோசை சுட்டுக் கொடுத்தேன். அம்மாவாக இருந்தால் அதற்குத் தனியாக ஒரு குறி கண்டுபிடித்திருப்பார்.

டிசம்பரில் மின்ரயில் ஜொகூர் பாரு வரை வந்ததும், அவனைக் கூட்டிக்கொண்டு குளுவாங்குக்குப் போனேன். ரெங்கம் வந்தால் எங்கள் தோட்டத்தைக் காட்டலாம் என்று ஜன்னலோரம் உட்கார்ந்தேன். செம்பனை, செம்பனை, ஒரு நிலையக் கூரை, மறுபடி செம்பனை. “எங்கம்மா?” என்று கேட்டான். கையை நீட்டுவதற்குள் கடந்துவிட்டது.

இந்த வருடக் கடைசிக்குள் உட்லண்ட்ஸுக்கு ஆர்டிஎஸ் ரயில் ஓடும் என்கிறார்கள். புக்கிட் சாகாரில் ஏறினால் ஐந்து நிமிடம். அது ஓடினால், மகன் தூங்குவதற்கு முன்னால் நான் வீட்டில் இருப்பேன். இந்த வருடத்துக்கு நான் எழுதப்போகும் முதல் வரி அதுதான். இரண்டாவது வரி, தோட்டத்துக் கோயில் இன்னும் நிற்கிறதா என்று ஒரு தடவை நேரில் போய்ப் பார்ப்பது.

மளிகைக் கடையில் கேட்டு ஒரு குதிரைக் காலண்டர் வாங்கி வந்திருக்கிறேன். இங்கே சுவர் சிமெண்ட், ஆணி இறங்கவில்லை. ஜனவரி முதல் தேதி சிங்கப்பூரில் விடுமுறை, ஜொகூரில் கிடையாது. கணவர் பாசிர் கூடாங் வேலைக்குப் போயிருக்கிறார், சாயங்காலம் துளை போட்டுத் தருகிறேன் என்றார். காலண்டர் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. விடியற்காலையிலிருந்து மழை விடவில்லை. மகன் குதிரைகளை எண்ணிக்கொண்டிருக்கிறான். அவனிடமிருந்து பென்சிலை வாங்கி முதல் கட்டத்தில் ‘ம’ என்று எழுதினேன்.