உராய்வோடு நடக்கும் சண்டை

விலையுயர்ந்த கைக்கடிகாரம் என்றால் தங்கம், வைரம், பெயர் என்றுதான் பேச்சு போகும். பழுது பார்க்கிற நான் பின்மூடியைக் கழற்றியதும் தேடுவது எண்ணெயை. காய்ந்துவிட்டதா, கறுத்துவிட்டதா, இருக்க வேண்டிய இடத்தை விட்டு வழிந்துவிட்டதா என்று பார்ப்பேன். மலேசியாவில், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட இந்தச் சுங்காய் வட்டாரத்தில், வியர்வையில் ஊறிய செய்கோ 5-உம், அந்தக் காலத் தோட்டக் கணக்கர்களான கிராணிமார் கட்டிய டைட்டோனியும் என் மேசைக்கு வந்து சொல்லித் தந்தது ஒன்றுதான்: கடிகாரத்துக்கு முதல் எதிரி உராய்வு. அதனால், புதுவகை இயந்திரம் என்று யார் எதைக் காட்டினாலும், இது எந்த நோயைத் தீர்க்கிறது என்றுதான் முதலில் கேட்பேன்.

நோய் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சாவி கொடுத்த ஸ்பிரிங்கின் விசை பல்சக்கரங்கள் வழியாக எஸ்கேப் வீலுக்கு வருகிறது. அதன் பல், பேலட் ஃபோர்க்கில் பதித்த மாணிக்கக் கல்லின் சரிந்த முகத்தில் வழுக்கிக்கொண்டே போய், முன்னும் பின்னும் ஆடி நேரம் பிரிக்கும் பேலன்ஸ் வீலுக்கு ஒரு தள்ளு கொடுக்கிறது. இந்த அமைப்புதான் எஸ்கேப்மென்ட். இங்கிலாந்தின் தாமஸ் மட்ஜ் 18-ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்த வகை இது. இன்றும் பெரும்பாலான இயந்திரக் கடிகாரங்கள் இதில்தான் ஓடுகின்றன. மணிக்கு 28,800 துடிப்பு என்றால், ஒரு நாளில் 691,200 வழுக்கல். அந்தக் கல்முகத்துக்கு மோபியஸ் 9415 போடுவோம். சும்மா இருக்கும்போது கெட்டியாகவும் பல் வந்து மோதும்போது இளகியும் போகிற பசை அது. ஊசிமுனையில் எடுத்து வைக்கும் அளவு கூடினால் ஃபோர்க்கின் கை வழியே ஓடிவிடும். குறைந்தால் கல் வறண்டுவிடும். ரப்பர் பால் வெட்டுகிறவர் மரத்தில் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவுகிற கைநிதானம் இதற்கு வேண்டும்.

பலரும் வியந்து பேசுகிற டூர்பியோன் இந்த நோயைத் தொடுவதே இல்லை. ஆபிரகாம் லூயி பிரெகே 1801-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். சட்டைப்பையில் செங்குத்தாகவே நின்ற கடிகாரத்தில், புவியீர்ப்பால் வரும் பிழையைச் சரிக்கட்ட, பேலன்ஸையும் எஸ்கேப்மென்ட்டையும் ஒரு கூண்டில் வைத்துச் சுழலவிட்டார். அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம். ஆனால் மணிக்கட்டு நாள் முழுக்க எல்லாப் பக்கமும் திரும்புகிறது. கைக்கடிகாரத்தில் டூர்பியோன் கண்ணுக்கு விருந்து, கைவினைக்குச் சான்று. அதற்கு மேல் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து.

ஜார்ஜ் டேனியல்ஸ் செய்ததுதான் உராய்வை நேராக எதிர்த்த வேலை. ஐல் ஆஃப் மேன் தீவில், கடிகாரத்தின் கிட்டத்தட்ட எல்லாப் பாகத்தையும் தன் கையாலேயே செய்த மனிதர். 1970-களில் அவர் உருவாக்கிய கோ-ஆக்சியல் எஸ்கேப்மென்ட்டில், ஒரே அச்சில் இரண்டு பல்சக்கரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். நிறுத்திப் பூட்டுகிற வேலை தனி, தள்ளுகிற வேலை தனி. தள்ளும்போது பல் கல்லின் மேல் நீளமாக வழுக்குவதில்லை. சற்றே தொட்டுத் தள்ளிவிட்டு விலகிவிடுகிறது. சுவிஸ் கம்பெனிகள் பலவும் தயங்க, 1999-இல் ஒமேகாதான் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கண்ணில் உருப்பெருக்கி லூப்பை மாட்டிக்கொண்டு அந்த இரட்டைச் சக்கரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும். அதற்கும் துளி எண்ணெய் உண்டு. ஆனால் எண்ணெய் கிழடானாலும் ஓட்டம் அவ்வளவாகக் கெடுவதில்லை. புழுக்கமான நம் ஊருக்கு இது பெரிய வரம்.

யுலிஸ் நார்டின் 2001-இல் கொண்டுவந்த ஃப்ரீக் வேறு வழியில் போனது. லுட்விக் ஓக்ஸ்லின் வடிவமைத்த அதில் சாவி கொடுக்கும் வழக்கமான திருகும் இல்லை, வழக்கமான முள்ளும் இல்லை. இயந்திரமே சுழன்று நிமிடம் காட்டும். எஸ்கேப்மென்ட்டில் சிலிக்கானை முதலில் போட்டதும் அதுதான். சிலிக்கான் இலேசானது, காந்தம் தீண்டாது, எண்ணெயை அதிகம் கேட்காது. குறை ஒன்றுதான்: உடைந்தால் ஒட்டவும் முடியாது, பட்டறையில் கடைந்து செய்யவும் முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது செய்கோவின் ஸ்பிரிங் டிரைவை. யோஷிகாசு அகாஹானே என்ற பொறியாளர் 1977-இல் தொடங்கியது. விற்பனைக்கு வந்தது 1999-இல். அதற்கு முந்திய ஆண்டே அவர் காலமாகிவிட்டார். சாவி கொடுக்கிற ஸ்பிரிங்கும் பல்சக்கரங்களும் வழக்கம்போலத்தான். எஸ்கேப்மென்ட் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு சிறு சக்கரம் ஒரே திசையில் நொடிக்கு 8 சுற்று சுற்றுகிறது. அந்தச் சுழற்சியே கம்பிச்சுருளில் மின்சாரம் உண்டாக்கி, நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகத்தை எழுப்புகிறது. படிகம் சொல்லும் வேகத்தைச் சக்கரம் தாண்டினால், காந்த விசை பிரேக் பிடிக்கும். கல்லில் பல் மோதுவதும் வழுக்குவதும் அங்கே இல்லை. விநாடி முள் துள்ளாமல் வழிந்தோடுகிறது. மாதத்துக்கு 15 விநாடிக்குள்தான் பிழை. குவார்ட்ஸ் கலந்ததால் இது இயந்திரக் கடிகாரமே இல்லை என்று சிலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதில் பேட்டரி கிடையாது. முள்ளைத் தள்ளும் விசையும் படிகத்தை எழுப்பும் விசையும் அந்த ஒரே ஸ்பிரிங்கிலிருந்துதான் வருகின்றன.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. புகைப்படக் கலைஞரான மிங் தெயின் 2017-இல் கோலாலம்பூரிலிருந்து மிங் என்ற பெயரில் கடிகாரம் கொண்டுவந்தார். செய்வது சுவிட்சர்லாந்தில், சிந்தனை இங்கே. 2019-இல் அவர்களின் 17.06 காப்பர், ஜெனிவாவின் கிராண்ட் பிரி விருதுகளில் ஒன்றைப் பெற்றது. எனக்கு முக்கியம் அவர்களின் 20.01. அதற்குள் இருப்பது ஜெனிவாவின் அஜனோர் பட்டறை உருவாக்கிய, பொத்தானை அழுத்தி நேரம் அளக்கும் குரோனோகிராஃப் இயந்திரம். பழைய குரோனோகிராஃபில் பொத்தானை அழுத்தியதும் பல்லும் பல்லும் முட்டி, முள் ஒரு துள்ளு துள்ளும். அஜனோர், பல் இல்லாத இரண்டு சக்கர விளிம்புகளை ஒன்றோடொன்று சேர்த்து, அந்தப் பிடிப்பிலேயே முள்ளை ஓடவைத்தது. பல்சக்கரமும் பக்கத்திலேயே உண்டு. பலமாக அதிர்ந்து பிடி நழுவும் நேரத்துக்கு மட்டும் அது காவல். வாழ்நாளெல்லாம் நாம் எதிரியாக நினைத்த உராய்வை அவர்கள் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். அதை வரைபடத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். ஒருநாள் திறந்து பார்க்க வேண்டும்.

சாவி கொடுக்கும் கடிகாரமோ ஆட்டோமேட்டிக்கோ கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓடிக்கொண்டிருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். எண்ணெய் வறண்ட பிறகும் கடிகாரம் ஓடும். அப்படி ஓடும்போதுதான் அச்சு முனைகள் தேய்கின்றன. சர்வீஸ் செய்து ஐந்தாறு ஆண்டு ஆகியிருந்தால், கை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.