ஒற்றை நிலத்துக் காப்பி

வெளிநாட்டிலிருந்து திரும்பிய என் பழைய மாணவர் ஒருவர் கால் கிலோ காப்பிக்கொட்டை கொண்டுவந்து கொடுத்தார். தெற்குக் கொலம்பியாவின் உயிலா மாகாணத்தில் விளைந்தது. பிற நிலத்துக் கொட்டை எதுவும் கலவாதது. எஸ்பிரெஸ்ஸோவுக்கும் பால் சேர்த்து அருந்தும் வகைகளுக்கும் ஏற்ப வறுக்கப்பட்டது என்று உறையில் அச்சிட்டிருந்தார்கள். அதன்கீழே மரத்தின் இனம்: காஸ்தியோ.

ஒற்றை நிலத்துக் காப்பியை மென்வறுவலாக, பாலின்றியே பருக வேண்டும் என்பது ரசிகர்கள் பலரின் கட்சி. நிலத்தின் மணத்தைப் பால் மூடிவிடும் என்பார்கள். இதில் பாதிதான் உண்மை. மலைச்சரிவில் மெல்ல முதிரும் உயிலாக் கொட்டைக்குப் பழப்புளிப்பு இயல்பு. அது பாலோடு இணங்காது. ஆகவே சூட்டில் கொட்டை முதன்முறை வெடிக்கும் ஓசை எழுந்த பிறகும் சற்றுக் கூடுதலாக வறுக்கிறார்கள். புளிப்பு தணிந்து, காய்ச்சிய வெல்லத்தையும் கொக்கோவையும் நினைவூட்டும் சுவை எழுகிறது. கருக்கிவிட்டாலோ எந்த ஊர்க் கொட்டையும் ஒன்றுதான். எஸ்பிரெஸ்ஸோ இயந்திரம் என் வீட்டில் இல்லை. பித்தளை ஃபில்டரில்தான் இறக்கினேன். சிக்கரி இல்லாத குறை இரண்டு நாள் தெரிந்தது. மூன்றாம் நாள் தெரியவில்லை.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது 'காஸ்தியோ' என்ற பெயர். கொலம்பியாவின் காப்பி ஆய்வு மையமான செனிகாஃபே 2005இல் வெளியிட்ட இனம் அது. கத்தூரா என்னும் குட்டை மரத்தோடு தீமோர்க் கலப்பினத்தைச் சேர்த்து உருவாக்கப்பட்டது. அந்தக் கலப்பினமோ, தீமோர்த் தீவில் 1920களில் கண்டறியப்பட்டது. அராபிகாவும் ரொபஸ்டாவும் இயற்கையாகவே கூடியதால் பிறந்தது. அராபிகாவின் பூர்விகம் எத்தியோப்பியா. ஆக, ஒற்றை நிலம் என்று பெயர் சூட்டிய கொட்டைக்குள் மூன்று கண்டங்கள் இருக்கின்றன. நம் இலக்கணம் திணைமயக்கம் என்ற ஒன்றை அனுமதித்திருப்பது எத்தனை வசதி!

இந்தக் கலப்பு இலைத்துரு நோயைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. அந்நோய்க்குக் காரணமான பூஞ்சையை அறிவியல் முதன்முதலில் விவரித்தது 1869இல், இலங்கையிலிருந்து கிடைத்த இலைகளைக் கொண்டு. அக்காலத்தில் கண்டிச் சீமையில் காப்பி பறித்தவர்கள் தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நடந்து மலையேறியவர்கள். வழியில் மாண்டோர் பலர். இருபதாண்டுகளுக்குள் அங்கே காப்பி ஏறக்குறைய அழிந்து தேயிலை வந்தது. காப்பிக்குப் பருவந்தோறும் வந்து திரும்பியவர்கள், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்ததால் அங்கேயே தங்க நேர்ந்தது. மலையகம் என்றதும் தேயிலையை நினைக்கும் நாம், அதற்கு முந்தைய காப்பித் தலைமுறையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நான் அறிந்த வகுப்பறைகளில் அந்தப் பேச்சே எழுந்ததில்லை.

துரு 1970இல் பிரேசிலிலும் 1983இல் கொலம்பியாவிலும் காணப்பட்டது. 2008ஐ ஒட்டிய ஆண்டுகளில் மிகுமழையோடு சேர்ந்து கொலம்பியாவில் பெரும்பரவலாயிற்று. 2007இல் 60 கிலோ மூட்டைகளில் 1.2 கோடிக்கு மேலிருந்த நாட்டின் விளைச்சல், 2011இல் 80 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. சிறு விவசாயிகள், வாங்குவோர் புகழும் கத்தூராவைக் காத்து நிற்பதா, காஸ்தியோவை நட்டுப் பிழைப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. புதுக்கன்று காய்க்க இரண்டு ஆண்டுகளாவது ஆகும். அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே. அரைக்கிண்ணக் காப்பியை உறிஞ்சித் துப்பி மதிப்பெண் போடும் சுவைஞர் சிலர் காஸ்தியோவை இரண்டாம் தரமாகப் பேசியதை அந்த நெருக்கடியோடு சேர்த்துப் படிக்கையில் எனக்குச் சிறிது சினமே வந்தது.

அவர்கள் சொல்வதையும் சோதித்துவிடலாம் என்று ஒருநாள் பாலும் சர்க்கரையும் இன்றி அருந்தினேன். ஆரஞ்சுத் தோலின் மெல்லிய கசப்பு, பின்னால் கொக்கோ. குறை எதுவும் தட்டுப்படவில்லை. பால் சேர்த்தபோது கசப்பு விலகி, இனிப்பு கெட்டியாக நின்றது. கத்தூராவோடு அதை ஒப்பிட்டுச் சொல்லும் பயிற்சி என் நாவுக்கு இல்லை. பாலில் கலந்த பிறகு அந்த வேற்றுமை பெரும்பாலோர்க்கு எட்டாது என்றே நினைக்கிறேன்.

உறையில் மலையின் உயரம், மரத்தின் இனம், வறுத்த தேதி எல்லாம் இருக்கின்றன. விளைவித்தவர் பெயர் இல்லை. மாணவரிடம் கேட்டேன். வறுத்துக் கொடுத்த கடைக்கு எழுதிக் கேட்கிறேன் என்றிருக்கிறார்.